கையடக்கப் பைகள்: பார்த்ததும் பிடித்துப்போனவை எவை?

பைப்பித்தன்

முதுகில் மாட்டும் பெரிய மூட்டைகளைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று. இங்கே இடுப்பில், தோளில், கைப்பிடியில் அடங்குகிற சின்னப் பைகளை மட்டும் பேசுவோம். நீங்கள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்றில்லை. யாரோ ஒருவர் கையில் பார்த்து, "அட, யோசித்துச் செய்திருக்கிறார்களே" என்று தோன்றியிருந்தால் போதும். பிராண்டுப் பெருமை வேண்டாம். எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது, முதலில் எங்கே கிழியும், அதைச் சொல்லுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் தோக்கியோவிலிருந்து வாங்கிவந்த போர்ட்டர் டேங்கர் தோள்பையைக் கொஞ்ச நாள் இரவல் வாங்கி வைத்திருந்தேன். அதைத் தைக்கும் யோஷிதா நிறுவனம் 1935இல் தொடங்கியது. டேங்கர் வரிசை 1983இல் வந்தது. அமெரிக்க விமானப்படையின் எம்.ஏ-1 ஜாக்கெட்டைப் பார்த்துச் செய்த பை அது. அந்த ஜாக்கெட்டின் உள்பக்கம் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். விமானி எங்கேயாவது விழுந்துவிட்டால், ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் தேடி வருபவர்கள் கண்ணில் படலாம் என்ற ஏற்பாடு. பைக்கும் அதே ஆரஞ்சு உள்துணி. மின்சார ரயிலில் விளக்கு மங்கலாக எரியும் பெட்டியில் உட்கார்ந்து அதைத் திறந்தபோதுதான் அருமை தெரிந்தது. கறுப்புப் பேனா, கறுப்பு இயர்போன் டப்பா, கறுப்பு பவர்பேங்க் எல்லாம் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. நம் கடைகளில் தொங்கும் பைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கறுப்பு உள்துணிதான். அழுக்கு தெரியாதாம். சாமானும்தான் தெரிவதில்லை.

என் கட்சி இதுதான்: சின்னப் பைக்கு வாய்தான் முக்கியம், அறைகள் அப்புறம். பத்து அறை வைத்துவிட்டு, உள்ளங்கை நுழையாத வாய் வைத்தால் அது பை இல்லை, உண்டியல்.

கண்டக்டர் மகள்

வாய்தான் முக்கியம் என்றால் எங்கள் அப்பாவின் தோல்பையைத்தான் முதலில் வைக்க வேண்டும். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். அந்தப் பையில் ஜிப்பே கிடையாது. மேல் மூடியைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டால் நாள் முழுக்க வாய் திறந்தே இருக்கும். தோள் வாரை அவர் அளந்து வைத்திருப்பார்: பை தொங்க வேண்டிய இடம் இடுப்புக்குக் கொஞ்சம் முன்னால், இடது முழங்கை தானாக வந்து அணைக்கிற உயரத்தில். கூட்டத்தில் யாரும் கை விட முடியாது, அவர் கை மட்டும் நேராக உள்ளே போகும்.

முன் அறையில் சில்லறை. தோல் பழகப் பழக அந்த அறையின் அடிப்பாகம் கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டது. வண்டி எவ்வளவு ஆடினாலும் காசு அந்தக் குழிக்குத்தான் வந்து சேரும். அவர் பையைப் பார்க்கவே மாட்டார். கண் பயணிமேல் இருக்கும், விரல் காசின் விளிம்பைத் தடவும், இரண்டு ரூபாயா ஐந்து ரூபாயா என்று விரலே சொல்லிவிடும். நோட்டுகள் பைக்குள் உடனே போகாது. நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் இருக்கும். கற்றை தடித்த பிறகுதான் பின் அறைக்கு. டிக்கெட் மெஷின் வந்த பிறகும் அவர் பையை மாற்றவில்லை, மெஷினை எங்கே தொங்கவிடுவது என்றுதான் கொஞ்ச காலம் புலம்பினார்.

தையல்காரி

திருப்பூர்ப் பக்கம் சின்ன யூனிட்டில் பை தைக்கிறேன். பித்தன் அண்ணா சொன்னதில் பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வேன். வாய் நன்றாக இருந்து ஜிப் மோசமாக இருந்தால் அந்த வாயை வைத்து என்ன செய்வது?

ஜிப்பில் 3, 5, 8, 10 என்று எண் உண்டு. பல் மூடிய நிலையில் அதன் அகலம் ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர். சின்னப் பர்ஸுக்கு 3 போதும். ஆனால் தினமும் இருபது தடவை திறக்கிற இடுப்புப் பைக்கும் 3 போட்டுச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். அங்கே குறைந்தது 5 வேண்டும். மூலையில் ஜிப் வளைகிற இடத்தைப் பாருங்கள். வளைவு அகலமாக இருந்தால் ரன்னர், அதாவது ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் துண்டு, வழுக்கிக்கொண்டு போகும். சட்டென்று முறித்து வளைத்திருந்தால் ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில்தான் முதலில் பல் விடும்.

ஜிப் மூடிய பின் பின்னால் பிளந்துகொண்டு வருகிறதா? பல் கெட்டுவிட்டது என்று பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் ரன்னரின் வாய் அகன்றிருக்கும். கட்டிங் பிளேயரால் ரன்னரின் இரண்டு ஓரத்தையும் மெல்ல, மிக மெல்ல அழுத்துங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் ரன்னரை மட்டும் மாற்றலாம்.

துணி விஷயத்தில் "1000 டெனியர்" என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் டெனியர். எண் ஏறினால் நூல் தடிமன். பெரிய மூட்டைக்கு 1000 சரி. உள்ளங்கை அளவுப் பைக்கு அதைப் போட்டால் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும், மூலையைத் திருப்பித் தைக்க எங்களுக்கும் உயிர் போகும். 210க்கும் 500க்கும் நடுவில் இருந்தால் போதும்.

கடையில் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். பையை உள்வெளியாகப் புரட்டிப் பார்ப்பேன். தையல் ஓரங்களுக்கு மேலே பைண்டிங் பட்டி ஓடுகிறதா, இல்லை நூல் பிரிந்து தொங்குகிறதா? தொங்கினால் அந்த நூல் என்றைக்காவது ஜிப்பில் போய் மாட்டும். வார் சேருகிற இடத்தில் நெருக்கமாக முன்னும் பின்னும் அடித்த தையல் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் தைத்தவருக்குத் தொழில் தெரியும்.

பைப்பித்தன்

பாதி தோல்வியை ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. மழைக்கு எது நல்லது என்றும் சொல்லிவிடுங்கள். "வாட்டர்ப்ரூஃப்" என்று எழுதாத பையே இப்போது இல்லை.

தையல்காரி

துணியின் உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும், அதைத் தாண்டித் தண்ணீர் வராது. ஆனால் தையல் ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதானே அண்ணா. தையல் மேல் டேப் ஒட்டவில்லை என்றால் அது தூறலுக்குத் தாங்கும், அடைமழைக்குத் தாங்காது. இன்னொன்று, அந்தப் பூச்சு நம் ஊர் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதையும். பீரோவில் மடித்து வைத்த பழைய பை பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடிக்கிறதா? பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். துவைத்துப் பயன் இல்லை. காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும்.

கம்பத்துக்காரன்

எலெக்ட்ரீஷியன் வேலை. என் பை காக்கி கான்வாஸ், பெல்ட்டில் கோத்தது, மூடியே கிடையாது. டெஸ்டர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. ஏணிமேல் நிற்கும்போது ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும், மற்ற கைக்கு ஜிப்பைத் திறக்க நேரம் இல்லை. ஆகவே நான் கண்டக்டர் அய்யா கட்சி.

வெல்க்ரோ வேண்டவே வேண்டாம். காட்டில் நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட விதைகளைப் பார்த்து ஜார்ஜ் த மெஸ்த்ரால் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் யோசித்த சாமான் அது, 1941இல். நல்ல யோசனைதான். ஆனால் விதை ஒட்டுவது போலவே சிமெண்ட் தூசி, நூல், முடி எல்லாம் ஒட்டும். பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்து வாரினால் கொஞ்சம் பிழைக்கும். இப்போது காந்தப் பூட்டு வைத்த பைகள் வருகின்றன. அருகே கொண்டுபோனால் காந்தம் இழுத்துச் சேர்க்கும், பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் கொக்கி. வண்டி ஓட்டுபவர்களுக்கு அருமை. என்னைப் போல டிரில்லிங் போடுபவன் வைத்தால் சாயங்காலம் இரும்புத் தூளை நோண்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

ஒரு தடவை ராணுவ மாதிரிப் பை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முகப்பெல்லாம் வரிவரியாக நாடா தைத்திருந்தது. வியாபாரிக்கே எதற்கு என்று தெரியவில்லை. தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு அங்குல நாடா, ஒரு அங்குல இடைவெளி, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். இந்த அளவு மாறாமல் இருந்தால் எந்தச் சின்னப் பையையும் அதன் பட்டியால் உள்ளே வெளியே என்று பின்னிப் பூட்டலாம். ஓடினாலும் குதித்தாலும் ஆடாது. அமெரிக்க ராணுவம் 1990களின் கடைசியில் கொண்டுவந்த முறை. நான் பார்த்த பையில் நாடா இருந்தது, அளவு இல்லை. வெறும் அலங்காரம்!

பூக்கடை பக்கம்

மதுரை. எல்லோரும் நைலான், காந்தம் என்று போகிறீர்கள், எங்கள் வீதிப் பூக்காரம்மாவின் சுருக்குப்பையை யாரும் சொல்லவில்லையே. உள்ளங்கை அளவு, இடுப்பில் சேலைக் கொசுவத்துக்குப் பக்கத்தில் செருகியிருப்பார். வாயோரத்து மடிப்புக்குள் இரண்டு கயிறு, ஒன்று இடப்பக்கம் புறப்பட்டுச் சுற்றிவந்து இடப்பக்கமே வெளியேறும், மற்றது வலப்பக்கம். இரண்டு முனையையும் எதிரெதிரே இழுத்தால் வாய் சுருங்கிப் பூட்டிக்கொள்ளும். திறக்க முடிச்சு எதுவும் அவிழ்க்க வேண்டாம். சுருக்கத்துக்குள் இரண்டு விரலை விட்டு அகட்டினால் போதும். ஈரக் கையாலும் முடியும், அவர் கையில் எப்போதும் ஈரம்தான்.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, எட்டாக மடித்த நூறு ரூபாய். துருப்பிடிக்க இரும்பு இல்லை, போக ரன்னர் இல்லை. கயிறு தேய்ந்தால் வேறு கயிறு கோப்பார். உடம்போடு ஒட்டி இருப்பதால் யாராவது தொட்டாலே தெரிந்துவிடும். குறை ஒன்று உண்டு. அடியில் கிடப்பதை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் மடியில் கொட்ட வேண்டும். வாய் கட்சியும் அறை கட்சியும் இதை எப்படித் தீர்ப்பார்களோ!

மலைக்காரன்

சுருக்கமாக. வெள்ளியங்கிரிக்குப் போகும்போது முதுகுப்பையைவிட இடுப்புப் பை நல்லது. பூண்டியிலிருந்து ஏறும் படிகளில் குனிந்து, கம்பை ஊன்றி நடக்கும்போது முதுகுப்பை தலைப்பக்கம் சரியும், இடுப்புப் பை சரியாது. வெயிலில் முதுகும் நனையாது. துணிக்கு ரிப்ஸ்டாப் நைலான் தாராளமாகப் போதும். கட்டம் கட்டமாகத் தெரியுமே, அதுதான். இடையிடையே தடித்த நூல் ஓடுவதால் முள் கிழித்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். பாய்மரப் படகுத் துணியிலிருந்து வந்த டைனீமா என்ற துணி வகை எடையே இருக்காது, உண்மைதான். அந்த விலைக்கு மலைக்கே பல தடவை போய்வரலாம்.

சர்க்கரைக்காரர் மகன்

நான் சொல்லப்போகும் பையில் ஜிப்பும் இல்லை, அறையும் ஒன்றுதான். அம்மாவுக்கு இன்சுலின். ஊருக்குப் போகும்போது ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு அலைந்தோம். ஐஸ் மேல் நேராக வைத்தால் மருந்து உறைந்துவிடும், உறைந்த இன்சுலினைப் போடவே கூடாது. அப்போது மருந்துக் கடைக்காரர் ஒரு துணிப்பை காட்டினார். இரட்டைத் துணி, நடுவே உப்புக் கல் போலத் துகள்கள். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் துகள்கள் ஊதிக் கூழாகும். மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு மருந்தை உள்ளே வைத்துவிடலாம். தண்ணீர் கசிந்து ஆவியாகப் போகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைக் கணக்குதான், மின்சாரமும் வேண்டாம் பிரிட்ஜும் வேண்டாம்.

இதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கிறதே என்று அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டக் கூடாது. காற்றுப் படாவிட்டால் ஆவியாகாது, பை வேலை செய்யாது. அதே காரணத்தால் சேலம், திருச்சி வறண்ட வெயிலில் நன்றாகக் குளிரும், சென்னை, தூத்துக்குடிப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. திறந்த இன்சுலின் பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை தாங்கும், ஆனாலும் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துவிடுங்கள். அம்மாவுக்கு அந்தப் பையின் நீல நிறம் பிடிக்கவில்லை. பூப்போட்ட துணியில் மேலுறை தைத்தார், வலைத்துணியில் தைக்கச் சொல்லி மறுபடி மல்லுக்கட்டினேன்.

பைப்பித்தன்

அண்ணே, அருமை. காற்றுக்கு வழிவிடுவதும் வடிவமைப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பூக்கடைத் தோழர் கேட்ட அடியில் கிடக்கும் சாமான் பிரச்சினைக்கு, வாய் முழுக்க விரிந்து தட்டு மாதிரி படுக்கிற பைகள் வருகின்றன. மேசை இருந்தால் நல்லது. பஸ்ஸில் மடிமேல் விரித்தால் எல்லாம் உருண்டு சீட்டுக்கு அடியில் போகும். நின்றபடி திறப்பவர்களுக்கு அது வேண்டாம்.

கண்டக்டர் மகள்

தையல்காரி அக்கா, ரன்னர் மட்டும் மாற்ற எங்கே கொடுப்பது? இங்கே கடைகளில் ஜிப்பையே முழுசாக மாற்றச் சொல்கிறார்கள்.

தையல்காரி

பை ரிப்பேர் செய்கிற தெருவோரக் கடைகளில் கேளுங்கள், ஷோரூமில் வேண்டாம். தையல் சாமான் கடையிலும் ரன்னர் தனியாகக் கிடைக்கும். போட்டோ காட்டாதீர்கள், பையையே எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் சுருள் பல்லுக்கு ஒரு ரன்னர், உலோகப் பல்லுக்கு வேறு. பழைய ரன்னரின் பின்பக்கம் எண் பொறித்திருக்கும், அதே எண் வாங்குங்கள். மாற்றும்போது ஜிப்பின் கடைசி முனைத் தையலை மட்டும் பிரித்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முழுப் பக்கத்தையும் பிரித்துக் கூலி கேட்பார்கள்.