இரண்டு பக்கமும் ‘யெஸ்’, ஆனால் இருப்பு ஒத்துப்போகவில்லை

இரண்டு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வர்களை ஒன்றுக்கொன்று ரெப்ளிகாவாக, அதாவது ஒன்றில் நடக்கும் மாற்றம் மற்றதிலும் பதியும்படி, இணைப்பது அப்படியொன்றும் கடினமில்லை. தனித்தனி சர்வர் ஐடி, இரண்டிலும் பின்லாக் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் லாக்), ஜிடிஐடி (ஒவ்வொரு ட்ரான்சாக்ஷனுக்கும் தனி அடையாளம்) ஆன். தன் ஐடியோடு திரும்பி வரும் மாற்றத்தைச் சர்வரே ஒதுக்கிவிடும். விஎம்மை (மெய்நிகர் கணினியை) குளோன் செய்திருந்தால் மட்டும், சர்வரின் தனி அடையாளமான யூயூஐடி இருக்கும் ஆட்டோ.சிஎன்எஃப் ஃபைலை அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், இல்லையென்றால் ஒரே யூயூஐடியால் இணைப்பே ஓடாது.

புது ரோவுக்குத் தானாக எண் கொடுக்கும் ஆட்டோ இன்கிரிமென்ட்டின் இடைவெளி 2, தொடங்கும் ஆஃப்செட் ஒன்றில் 1, மற்றதில் 2 என்று வைத்தால் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண், மறுபக்கம் இரட்டைப்படை. புது ரோ போடும்போது வரும் 1062 டூப்ளிகேட் கீ எரர் அதோடு நின்றுவிடும். பலரும் இங்கேயே நிம்மதியாகிவிடுகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் ரோவை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றினால்?

நான் பார்த்த ஓர் இடத்தில் சரக்கு இருப்பு டேபிளில் இதுதான் நடந்தது. அப்ளிகேஷன் இரண்டு சர்வரிலும் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு பொருளின் இருப்பு 50. நெட்வொர்க் தடுமாறிய நேரத்தில் ஒரு பக்கம் 10 கழிந்து 40 ஆனது, மறுபக்கம் 5 கழிந்து 45. இணைப்பு சீரானதும் இது அதன் 45ஐ வாங்கிக்கொண்டது, அது இதன் 40ஐ. சரியான விடையான 35 எங்குமே இல்லை! எரர் லாகில் ஒரு வரி கிடையாது. ரெப்ளிகேஷன் நிலையைக் காட்டும் ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸில் இரண்டு த்ரெட்டும் (மாற்றத்தை வாங்குவது, அதை எழுதுவது) யெஸ், தாமதம் 0.

“இருப்பிலிருந்து 10 கழி என்றுதானே எழுதியிருக்கிறோம்?” என்று டெவலப்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 5.7.7 முதல் பின்லாக் ஃபார்மட்டின் டீஃபால்ட் ‘ரோ’ என்ற வகை. அதில் கணக்கு போகாது, விடைதான் போகும். பிரைமரி கீயை வைத்து ரோவைக் கண்டுபிடித்து, பழைய மதிப்பு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமலே எழுதிவிடும்.

இரு பக்க டேபிள்களையும் ஒப்பிடும் பெர்கோனா டூல்கிட்டின் பிடி-டேபிள்-செக்சம் ஓட்டித்தான் வேறுபாடு எங்கே என்று பிடித்தோம். எது சரி என்று டேட்டாபேஸ் சொல்லாது. பில்களோடு ஒப்பிட்டுத் திருத்தினோம்.

இப்போதும் இணைப்பு இருவழிதான், எழுதுவது ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் சூப்பர் ரீட் ஒன்லி, அதாவது யாரும் நேரடியாக எழுத முடியாது, ஆனால் ரெப்ளிகேஷன் த்ரெட்டை அது தடுக்காது. பக்கம் மாற்றும்போது பழையதைப் பூட்டி, ஜிடிஐடி எல்லாம் வந்துசேர்ந்ததா என்று பார்த்து, அப்புறம்தான் புதியதைத் திறக்கிறோம்.

இதற்கு இன்னொருவரின் பதில்:

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும் இதே கதைதான். 2023ல் வந்த 16ஆம் பதிப்பில், மறுபக்கத்தின் மாற்றங்களை வாங்கும் சப்ஸ்கிரிப்ஷனில் ஆரிஜின் நன் என்று கொடுத்தால் மாற்றம் சுழன்று திரும்பாது. அதைத்தான் நானும் பயன்படுத்தினேன். இப்படி மாற்றங்களை அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் சீக்வென்ஸ் (தானாக எண் கொடுக்கும் கவுன்டர்) போகாது, ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று நாமே பிரித்துவைக்க வேண்டும். நீங்கள் சொன்ன 40, 45 பிரச்சினையை 18ஆம் பதிப்பில், ட்ராக் கமிட் டைம்ஸ்டாம்ப் என்ற செட்டிங்கை ஆன் செய்திருந்தால், லாகிலாவது பார்க்கலாம். பழைய மதிப்பின் மேல் எழுதுவதை அது நிறுத்துவதில்லை.