காலேஜ்ல உடம்பைப் பத்திக் கேட்ட பேச்சு, பார்த்த கூத்து: சொல்லுங்க

கோவைக்காரி:
சைக்காலஜி வகுப்புல மேம் ஒருநாள் ஒன்பது உருவம் வரைஞ்ச தாளைக் கொடுத்தாங்க. எலும்பும் தோலுமா ஆரம்பிச்சு நல்ல பருமன்ல முடியும். இப்ப நீ எது, எது மாதிரி ஆகணும், எதிர்ப்பாலுக்கு எது பிடிக்கும்னு நினைக்கிறே, மூணுக்கும் டிக் அடிக்கணும். 1985ல ஃபாலன், ரோசின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைங்ககிட்ட இதைத்தான் கேட்டாங்களாம். பொண்ணுங்க ஆசைப்பட்டது, தன்னோடதுன்னு குறிச்சதைவிட ஒல்லி. பசங்களுக்குப் பிடிக்கும்னு அவங்க நினைச்ச உருவத்தைவிட, பசங்க நிஜமா தேர்ந்தெடுத்தது சதைப்பிடிப்பானது. பசங்களுக்கோ மூணு டிக்கும் கிட்டத்தட்ட ஒரே இடம்.

எங்க வகுப்புலயும் பொண்ணுங்க தாள் அச்சு அசல் அப்படியே. பசங்க தாளை மேம் பேரை மறைச்சு ஒவ்வொண்ணா காட்டினாங்க. ஒல்லிப் பையன் ஆசை வலப்பக்கம் ஓடுது, குண்டுப் பையன் ஆசை இடப்பக்கம் ஓடுது. சராசரி போட்டா ஒண்ணை ஒண்ணு அடிச்சுரும். பசங்களுக்குக் கவலையே இல்லைன்னு எழுதி முடிச்சுடலாம்!

மெஸ்முட்டை:
அந்த வலப்பக்கம் ஓடுற டிக் நான்தான். மே மாச வெயில்லயும் சட்டைக்குள்ள டி-ஷர்ட் போட்டுட்டு அலைஞ்சிருக்கேன், தோள் கொஞ்சம் அகலமா தெரியுமேன்னு. "காத்தடிச்சா பறந்துடுவடா"ன்னா நானும் சேர்ந்து சிரிக்கணும். சிரிக்கலேன்னா 'ஃபீல் பண்றான்'னு அதுக்கும் சேர்த்து ஓட்டுவாங்க. ஜெராக்ஸ் செலவுன்னு வீட்ல காசு வாங்கி தசை ஏத்துறதுக்கான வே புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கின கோஷ்டி நாங்க.

திண்டுக்கல் அக்கா:
எங்க ஹாஸ்டல்ல டப்பா இல்லப்பா, பட்டினிதான். ஃபேர்வெல் புடவைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்ததுமே நைட்டு சாப்பாட்டுக்கு ஆள் குறைஞ்சிடும். ஊருக்குப் போனா ஒரே அத்தை, தீபாவளிக்கு "பூசினாப்ல ஆயிட்டியே"ன்னும் பொங்கலுக்கு "என்னடி இப்படி இளைச்சுட்டே, அங்க சோறு போடலையா"ன்னும் கேப்பாங்க. தம்பிகிட்ட மட்டும் எப்பவும் ஒரே வசனம்: "நல்லா சாப்பிடு சாமி."

கேம்ப் நர்ஸ்:
காலேஜ் மருத்துவ முகாம்ல எடை பார்க்கிற மேஜை என்னோடது. உயரத்துக்கு எடை எவ்ளோன்னு காட்டுற கணக்குதான் பிஎம்ஐ. நம்ம ஆளுங்களுக்கு அது 23 வந்தாலே அதிக எடை, 25 வந்தா உடல்பருமன். 18.5க்குக் கீழே போனா எடைக்குறைவு. 19 வந்த பொண்ணு, "எவ்ளோ குறைக்கணும் சிஸ்டர்?"னு கேட்டா. அடுத்து நின்ன பையனுக்கு 27. "பல்க் பண்ணிட்டிருக்கேன் சிஸ்டர், தசை ஏத்துறேன், அப்படித்தான் காட்டும்"னான். தசையா கொழுப்பான்னு பிஎம்ஐ பிரிச்சுச் சொல்லாதுங்கிறது உண்மைதான். அதனால டேப்பை எடுத்தேன். ஆம்பளைக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள்ள இருக்கணும். மூச்சை இழுத்துப் பிடிச்சும் தாண்டிடுச்சு.