திருகாணி எலும்புச் சுவரைத் தாண்டினால் அதற்கு என்ன பெயர்?

காரைக்குடி, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். ரோபோ துணையோடு செய்யும் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் படிவம், வெள்ளிக்கிழமை கெடு. கல்லல், புதுவயல் பக்கத்து ஆட்கள் படித்துக் கையெழுத்திடப் போவது. முள்ளெலும்பின் உடலையும் பின் வளைவையும் இணைக்கும் குறுகிய பகுதிக்கு 'காம்பு' என்று வைத்திருக்கிறேன். திருகாணி அதற்குள்ளேயே போக வேண்டும். சுவரைத் தாண்டினால் எவ்வளவு என்று அளக்கிறார்கள். 1990இல் கெர்ட்ஸ்பெயினும் ராபின்ஸும் வகுத்த தரம் இது: முழுக்க உள்ளே இருந்தால் ஏ, 2 மி.மீ.க்குள் தாண்டினால் பி, 4க்குள் சி, 6க்குள் டி, அதற்கு மேல் இ. அந்தத் தாண்டுதலுக்குச் சொல் வேண்டும். 'விலகல்' வேண்டாம், ஜவ்வு விலகலோடு குழம்பும்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, காம்பு என்றீர்களே, அதுவே வழி காட்டுகிறது. பழந்தமிழில் காம்பு மூங்கில். 'புறக்காழனவே புல்லென மொழிப' என்கிறது தொல்காப்பிய மரபியல், அதாவது வெளியே காழ் (வைரம்) உள்ளவை புல். மூங்கில் வெளியே வைரம் பாய்ந்தது. இந்த எலும்பும் வெளியே கெட்டி, உள்ளே பஞ்சு. ஆகவே சுவர் 'புறக்காழ்', தாண்டுதல் 'காழ்மீறல்'. பொருநராற்றுப்படையில் இறைச்சி சுடும் கம்பியும் காழ்தான். விதைக்கும் காழ் என்று பெயர். எல்லாவற்றிலும் கெட்டித்தன்மையே வேர்.

மதுரை, மருத்துவர் (சொந்த ஊர் கானாடுகாத்தான்):
ஐயா, நூற்பா எலும்புக்கு அப்படியே பொருந்துகிறது, வகுப்பில் சொல்வேன். ஆனால் கம்பியும் காழ், சுவரும் காழ் என்றால் எது எதை மீறியது? நோயாளி 'காழ்ப்பு' என்றுதான் படிப்பார். 'சுவர் மீறல்' போதும்.

எனக்குப் பெரிய கவலை 'துல்லியம்' என்ற சொல். ஆய்வுகளில் ஏ, பி இரண்டையும் சேர்த்தே துல்லியம் என்று கணக்கிடுவது வழக்கம். அதாவது 2 மி.மீ.க்குள் தாண்டியதும் அதில் அடங்கும். 2012இல் ஜெர்மனியில் வந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில் ஏ, பி சேர்ந்து, கையால் வைத்தவை 93 சதவீதம், ரோபோ துணையோடு 85. பின்னால் வந்த பல ஆய்வுகள் ரோபோவுக்குச் சாதகம் என்பதும் உண்மை. 'ரோபோ அறுவை' என்றும் எழுதாதீர்கள். சி.டி. படத்தில் திட்டமிட்ட பாதையை எந்திரக்கை காட்டுகிறது, திருகாணியை வைப்பது மருத்துவர். துளைக்கருவியின் நுனி சரிவான எலும்பில் வழுக்கினாலோ, எலும்பின் இடத்தை எந்திரத்துக்குக் காட்டும் அடையாளச் சட்டம் அசைந்தாலோ, எந்திரக்கை காட்டிய பாதையில் துளை போகாது.

புதுவயல், செவிலியர்:
அண்ணே, 'மீறல்' என்றால் விதிமீறல், ஒப்பந்த மீறல் மாதிரி யாரோ குற்றம் செய்தது போலக் கேட்கிறது. 'உடைப்பு' அதைவிட மோசம், கண்மாய் உடைப்புதான் நினைவுக்கு வரும். நாங்கள் வார்டில் 'பொத்துக்கொண்டு வந்துவிட்டது' என்கிறோம். 'பொத்தல்' என்றே போடலாமே?

தேவகோட்டை:
பொத்தல் பானைக்கு, அம்மா. உடம்புக்குள் வைக்கும் பொருளுக்கு ஒரு கண்ணியமான பெயர் வேண்டாமா?

செவிலியர்:
ஐயா, கண்ணியம் இருக்கட்டும். பயத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் புரியட்டும். உட்பக்கச் சுவரைத் தாண்டினால் நரம்பு இருக்கிறது, வெளிப்பக்கம் அந்த அளவுக்கு ஆபத்தில்லை. எந்தப் பக்கம் என்பதே சொல்லில் இல்லையே.

காரைக்குடி:
பெரும்பாலோர் 'சுவர் மீறல்' பக்கம்தான். முதல் முறை வரும் இடத்தில் 'திருகாணி எலும்புச் சுவரைத் தாண்டி வெளியே வருதல்' என்று விரித்தும், அப்புறம் 'உட்பக்கச் சுவர் மீறல்', 'வெளிப்பக்கச் சுவர் மீறல்' என்றும் எழுதுகிறேன். துல்லியம் வரும் இடத்தில் '2 மி.மீ. வரை தாண்டியவையும் சேர்த்து' என்ற வரி இருக்கும்.

தேவகோட்டை:
படிவத்துக்குச் சரி. கலைச்சொல் பட்டியலில் 'புறக்காழ்' ஏறாமல் நான் விடமாட்டேன்.

செவிலியர்:
பக்கம் பிரித்தது நல்லது. 'மீறல்' எனக்கு இன்னும் ஒப்பவில்லை.