ஹாப்ளாய்டு, டிப்ளாய்டு: தனித்தொகை, இணைத்தொகை எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

செல்லுக்குள் மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் ஜோடியின்றித் தனியே இருக்கும் நிலை ஹாப்ளாய்டு, ஜோடியாக இருக்கும் நிலை டிப்ளாய்டு. இவற்றுக்குத் தமிழ்ச் சொற்களாக இங்கே ஐயா ஒருவர் முன்வைத்த ஒருமடியம், இருமடியம் இரண்டையும் இரண்டு நாளாக மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். பாடநூலில் பழகிய ஒற்றைமயம், இரட்டைமயத்தைவிட இவை எனக்குப் பிடித்திருக்கின்றன. புகைமயம், தனியார்மயம் என்கிறோம். 'மயம்' எண்ணிக்கைக்கு ஒட்டாது. 'மடி' கணக்கிலேயே ஊறிய சொல்.

மனிதரோடு நிறுத்திக்கொண்டால் சிக்கல் இல்லை. விந்தணுவில் 23 குரோமோசோம்கள், முட்டையில் 23, கருவுற்றதும் 46. இடறுவது கோதுமையில். ரொட்டிக் கோதுமையின் செல்லில் 42 குரோமோசோம்கள், ஏழேழாக ஆறு தொகுதிகள். குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவான குன்றல் பகுப்புக்குப் பின் இனச்செல்லுக்கு (விந்தணு, முட்டை போன்றது) போவது 21. அது ஹாப்ளாய்டுதான். ஆனால் அதற்குள் மூன்று தொகுதிகள் இருக்கின்றனவே, ஒருமடியம் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே 'மடி'யை அடிப்படைத் தொகுதிகளை எண்ணுவதற்கே வைத்துக்கொள்வோம்: கோதுமை அறுமடி. ஹாப்ளாய்டுக்குத் தனித்தொகை, டிப்ளாய்டுக்கு இணைத்தொகை என்பது என் பரிந்துரை. இனச்செல்லில் குரோமோசோம்கள் ஜோடியின்றித் தனியே நிற்கின்றன, கருவுறும்போது இணை சேர்கின்றன. கோதுமையின் 21 தனித்தொகை, 42 இணைத்தொகை. தடுமாற வேண்டியதில்லை.

ஹாப்ளாய்டுக்கு அரைத்தொகை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது வேண்டாம். 1905இல் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் ஹாப்ளாய்டு என்ற சொல்லை ஆக்கியபோது எடுத்த கிரேக்க வேருக்கு 'ஒற்றை' என்றுதான் பொருள், 'பாதி' அல்ல. ஆண் தேனீயையும் பாருங்கள். கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது, 16 குரோமோசோம்களோடு முழு உயிராகப் பறக்கிறது. அதை அரை என்க எனக்கு மனம் வரவில்லை.

அடையாறில் நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகளிடம் போன வாரம் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பூவன் பழத்தை நீளவாக்கில் பிளந்து, நடுவே வரிசையாகத் தெரியும் கறுப்புப் புள்ளிகளைக் காட்டினேன். விதையாகாமல் நின்றுபோனவை அவை. பூவன் மும்மடி: பதினொன்று பதினொன்றாக 33. மூன்று தொகுதிகளைச் சரிசமமாக இரண்டாகப் பிரிக்க முடியாமல் குன்றல் பகுப்பு குழம்பிவிடுகிறது. "அப்போ இதுக்குத் தனித்தொகை எவ்வளவு, மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். ஒழுங்கான ஒரு எண் இல்லை என்றேன். நான் விளக்காமலே அந்தச் சொல் அவள் வாயில் வந்துவிட்டது.

ஒரு தயக்கம் மட்டும் உண்டு. வேற்றுமைத்தொகை, வினைத்தொகை படித்த பிள்ளைகளுக்கு 'தொகை' குழப்புமா? தமிழாசிரியர்கள் சொல்லுங்கள். குழப்பும் என்றால் தனியடுக்கு, இணையடுக்கு என்று மாற்றிக்கொள்ளலாம்.