ராக் இசையின் தலைசிறந்த பாடலாசிரியர் யார்? டிலனுக்கு எதிராக ஒரு வழக்கு

ராணிப்பேட்டை ரேடியோ

ராக் இசையில் தலைசிறந்த பாடலாசிரியர் யார் என்று கேட்டால், எல்லோரும் யோசிக்காமல் பாப் டிலன் என்கிறார்கள். 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசும் கொடுத்தாகிவிட்டது, இனி என்ன பேச்சு என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என்னைக் கேட்டால் முதலிடம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்குத்தான்.

1978இல் வந்த அவருடைய 'ஃபேக்டரி' பாட்டைக் கேளுங்கள். சின்னப் பாட்டு. விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதுகிறது. ஒரு மனிதர் எழுந்து, உடுத்திக்கொண்டு, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். மழையில் ஆலைக் கதவைத் தாண்டிப் போகும் அப்பாவை மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆலை அவருடைய காது கேட்கும் திறனைப் பறித்துக்கொள்கிறது. பிழைப்பையும் அதுவேதான் கொடுக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். முதலாளியைத் திட்டவில்லை, கோஷம் போடவில்லை. சாயங்காலம் வெளியே வருகிறவர்களின் கண்ணில் சாவு தெரிகிறது, இன்றிரவு யாருக்கோ அடி விழப்போகிறது என்று சொல்லி முடித்துவிடுகிறார்.

என் அப்பா தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்து எடுத்து அவருடைய விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். அந்தக் கையோடுதான் எங்களுக்குச் சோறு பிசைந்து கொடுத்தார். தோல் ஆலைக் கழிவால் பாலாறு பாழானதற்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று 1996இல் தீர்ப்பு வந்தது. நியாயமான தீர்ப்பு. ஆலையை மூடிவிட்டால் அடுப்பு எரியுமா என்று என் அம்மா அழுததும் நியாயம்தான். இந்த இரண்டு நியாயத்தையும் விட்டுக்கொடுக்காமல் பிடித்து நிற்கிற பாட்டு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

சத்துவாச்சாரி வாசகன்

நண்பரே, உங்கள் அப்பாவின் உழைப்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் நம் வீட்டுக் கதைக்குப் பொருந்துகிறது என்பதற்காக ஒரு பாட்டு உயர்ந்ததாகிவிடாது. எழுத்தைப் பாருங்கள்.

1964இல் டிலன் வெளியிட்ட 'தி லோன்சம் டெத் ஆஃப் ஹேட்டி கேரல்' பாட்டை எடுத்துக்கொள்வோம். நடந்த சம்பவம் அது. 1963இல் பால்டிமோர் நகரத்து ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலை செய்த 51 வயதுக் கறுப்பினப் பெண்ணை, பணக்காரப் புகையிலைப் பண்ணைக் குடும்பத்து இளைஞன் ஒருவன் கைத்தடியால் அடித்தான். அவர் இறந்துபோனார். நீதிமன்றம் அவனுக்குக் கொடுத்த தண்டனை ஆறு மாதம்.

டிலன் இதை எப்படி எழுதினார்? அவர் கறுப்பினத்தவர், அவன் வெள்ளையன் என்று பாட்டு முழுவதிலும் எங்கும் சொல்லவில்லை. பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர், மேசையைத் துடைத்தவர், மேசையின் தலைமாட்டில் ஒரு நாளும் உட்காராதவர், மேசையில் இருந்தவர்களிடம் பேசக்கூடச் செய்யாதவர் என்று சொல்லிக்கொண்டே போகிறார். அடுத்தடுத்த மூன்று அடிகள் 'மேசை' என்ற ஒரே சொல்லில் போய் முடிகின்றன. அந்த மேசையை விட்டு அவரால் நகர முடியாது என்பது கேட்கிறவனுக்கு உறைத்துவிடுகிறது. எந்தத் தெரு என்று சொன்னவுடனே எந்தச் சாதி என்று புரிந்துகொள்கிற ஊர் நம்முடையது. டிலன் எதைச் சொல்லாமல் விட்டார், ஏன் விட்டார் என்பது நமக்கு விளங்காமல் போகாது.

பல்லவியையும் கவனியுங்கள். கொலை நடக்கும்போது 'இது அழுகிற நேரமில்லை' என்கிறார். கைது செய்யும்போதும் அதையேதான் சொல்கிறார். ஆறு மாதம் என்று தீர்ப்பு வந்த பிறகுதான் 'இப்போது அழுங்கள்' என்கிறார். 22 வயதில் எழுதியது இது! ஸ்பிரிங்ஸ்டீனிடம் இப்படிக் கட்டிய பாட்டு ஒன்று இருந்தால் காட்டுங்கள்.

ராணிப்பேட்டை ரேடியோ

மகத்தான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் ராக் எங்கே இருக்கிறது? ஒரு கிடார், ஒரு ஹார்மோனிகா. 1965இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் அவர் எலெக்ட்ரிக் கிடாரைத் தூக்கியபோது கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சல் போட்டதே, இது நம் இசை இல்லை என்றுதானே? அதற்கு முன் எழுதியதை ராக் கணக்கில் சேர்ப்பது சரியில்லை.

சத்துவாச்சாரி வாசகன்

சரி, 1965க்குப் பிறகே பார்ப்போம். 1975இல் வந்த 'டாங்கில்ட் அப் இன் ப்ளூ'. ஒரு காதலின் பல வருடங்கள், வரிசை கலைந்து வருகின்றன. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்த உத்தியை நார்மன் ரேபன் என்ற ஓவிய ஆசிரியரிடம் படித்ததிலிருந்து பெற்றதாக டிலனே சொல்லியிருக்கிறார். அதோடு விட்டாரா? 1984 மேடைப் பதிவில் அதே பாட்டின் வரிகளைப் பெரும்பாலும் மாற்றி எழுதிப் பாடினார். தன் பாட்டையே திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிற துணிச்சல் வேறு யாருக்கு இருக்கிறது?

காட்பாடி கிடார்

இரண்டு பேருமே அடிப்படைக் கேள்வியை விட்டுவிட்டீர்கள். மெட்டை எடுத்துவிட்டால் வரி நிற்குமா? வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த கவிக்கோ அப்துல் ரகுமான், அம்மி கொத்துவதற்குச் சிற்பி எதற்கு என்று கேட்டுத் திரைப்பாட்டுப் பக்கம் போகாமலே இருந்தவர். அந்த மண்ணில் இருந்துகொண்டு நாம் அளவுகோலைத் தாழ்த்தக் கூடாது.

அந்த அளவுகோலுக்கு நிற்பவர் லெனார்ட் கோஹன். 1956லேயே கவிதைத் தொகுதி வெளியிட்டவர். முதல் இசைத்தட்டு 1967இல்தான் வந்தது. 'ஹல்லேலூயா' இருந்த ஆல்பத்தை அவருடைய நிறுவனம் 1984இல் அமெரிக்காவில் வெளியிட மறுத்தது. 1991இல் ஜான் கேல் என்ற பாடகர் அந்தப் பாட்டைப் பாட விரும்பியபோது, கோஹன் ஃபேக்ஸில் பக்கம் பக்கமாகச் சரணங்களை அனுப்பிவைத்தார். கேல் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். எந்தச் சரணத்தை எடுத்தாலும் பாட்டு நிற்கிறது என்றால், அதுவே கவிதை.

பழைய எக்ஸ்சேஞ்ச்

தம்பி, கவிக்கோ மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் பாட்டைக் காகிதத்தில் வைத்து எடைபோடுவதை நான் ஏற்கமாட்டேன். பாட்டு காதுக்காக எழுதப்படுவது. அடுத்து என்ன வரும் என்று காது காத்திருக்கும். காகிதத்தில் கண் முன்கூட்டியே ஓடிவிடும்.

சக் பெர்ரியை நீங்கள் மூவரும் மறந்துவிட்டீர்கள். 1959இல் அவர் வெளியிட்ட 'மெம்ஃபிஸ், டென்னசி' பாட்டு முழுவதும் ஒரு டெலிபோன் பேச்சு. வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டரிடம் ஒருவன் கெஞ்சுகிறான். மெம்ஃபிஸில் இருக்கும் மேரி தன்னைக் கூப்பிட்டிருக்கிறாள், நம்பர் தெரியவில்லை, மாமா சேதியைச் சுவரில் எழுதிவைத்திருந்தார் என்கிறான். அவள் வீடு தெற்குப் பக்கம், மேட்டின்மேல், மிசிசிப்பிப் பாலத்திலிருந்து அரை மைல் என்று அடையாளம் சொல்கிறான். அவளுடைய அம்மா சம்மதிக்காததால் பிரிந்துவிட்டோம் என்கிறான். காதலியைத்தான் தேடுகிறான் என்று நினைத்துக்கொண்டே கேட்கிறோம். கடைசி அடியில்தான் தெரிகிறது, மேரிக்கு ஆறு வயது. அவனுடைய மகள். ஆபரேட்டர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இணைப்புக் கிடைத்ததா என்பதும் சொல்லப்படுவதில்லை.

நான் வேலூர் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டில் உட்கார்ந்தவன். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள் ஊருக்குப் பேசக் காத்திருப்பார்கள். நம்பர் மறந்துபோனவர்கள் தபால் ஆபீசுக்கு எதிர்வீடு, குளத்துக்குப் பக்கத்து வீடு என்றெல்லாம் என்னிடம் அடையாளம் சொல்வார்கள், நான் அந்த ஊரைப் பார்த்தவன் போல. மனிதன் தவிக்கும்போது அப்படித்தான் பேசுவான். அதை பெர்ரி எப்படியோ அறிந்திருந்தார். 2012இல் பாடல் வரிகளுக்கென்று அமெரிக்காவில் பென் என்ற எழுத்தாளர் அமைப்பின் நியூ இங்கிலாந்துக் கிளை முதன்முதலாக ஒரு விருது கொடுத்தபோது, அதைப் பெற்றவர்கள் இருவர். ஒருவர் உங்கள் கோஹன், மற்றவர் சக் பெர்ரி.

ஆம்பூர் வேன்

ஐயா சொன்ன மெம்ஃபிஸ் பாட்டை இப்போதுதான் கேட்டேன், கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் ராணிப்பேட்டை அண்ணாவிடம் பேச வந்தேன்.

அண்ணா, உங்கள் ஆலைப் பாட்டில் அப்பா போகிறார், மகன் பார்க்கிறான். எங்கள் ஊரில் காலையில் ஷூ கம்பெனி வேனில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நான் ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் சூப்பர்வைசர். என் லைனில் இருக்கிற ஒரு பெண், அப்பாவின் குடியால் பள்ளியை விட்டவள். ஸ்பிரிங்ஸ்டீனின் ஆலைக்குள் அவள் எங்கே இருக்கிறாள்?

அவள் இருப்பது டிரேசி சாப்மனின் 'ஃபாஸ்ட் கார்' பாட்டில். 1988இல் வந்தது. அம்மா விட்டுப் போய்விட, குடிகார அப்பாவைக் கவனித்துக்கொள்ளப் படிப்பை நிறுத்திய ஒரு பெண் அதைப் பாடுகிறாள். கடையில் வேலை செய்து கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறாள். காதலனிடம் வேகமான கார் இருக்கிறது. ஊரை விட்டுப் போய்விடலாம் என்கிறாள். போகிறார்கள். அவள் வேலைக்குப் போகிறாள், அவன் போவதில்லை. கடைசியில் அவள் சம்பாத்தியத்தில்தான் குடும்பம் நடக்கிறது. அவன் இரவெல்லாம் குடிக்கடையில், பிள்ளைகளைவிட நண்பர்களைத்தான் அதிகம் பார்க்கிறான். எந்த அப்பாவிடமிருந்து தப்பித்தாளோ, அவரே புருஷனாக வந்து நிற்கிறார்.

இதே காரில் உங்கள் ஆளும் 1975இல் ஒரு பெண்ணை ஏறச் சொன்னார், 'தண்டர் ரோடு' பாட்டில். மேரி வாசலில் நிற்கிறாள். வா, இந்தத் தோற்றுப்போன ஊரை விட்டுப் போகலாம் என்கிறான். பாட்டு அங்கே முடிந்துவிடுகிறது. ஏறிய பிறகு மேரிக்கு என்ன ஆனது என்பதைச் சாப்மன்தான் எழுதினார். முதலில் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டியதாக இருந்த முடிவு, கடைசிப் பல்லவியில் அவன் மட்டும் எடுக்க வேண்டியதாகிறது. கார் அவனுடையது, அவனே எடுத்துக்கொண்டு போகட்டும். வீடும் பிள்ளைகளும் அவளோடு.

ராணிப்பேட்டை ரேடியோ

தங்கையின் வாதம் கூர்மையானது, ஆனால் ஸ்பிரிங்ஸ்டீன் காரோடு நிறுத்திக்கொண்டவர் இல்லை. 1980இல் வந்த 'தி ரிவர்' ஏறிய பிறகு நடந்த கதைதான். மேரி கர்ப்பமாகிறாள், 19ஆவது பிறந்தநாளுக்கு அவனுக்குக் கிடைப்பது யூனியன் அட்டையும் கல்யாணக் கோட்டும். பிறகு வேலை போகிறது, காதல் வற்றுகிறது. 1987இல் வந்த 'ஸ்பேர் பார்ட்ஸ்' பாட்டில் கைவிடப்பட்ட ஜேனி, நிச்சயதார்த்த மோதிரத்தையும் கல்யாண உடையையும் அடகுக்கடையில் வைத்துவிட்டுக் கையில் காசோடு நடக்கிறாள். 'ஃபாஸ்ட் கார்' வருவதற்கு முந்தைய வருடமே!

ஆம்பூர் வேன்

'தி ரிவர்' எனக்கும் பிடித்த பாட்டுதான் அண்ணா. அதில் அவன் எதையும் நினைவில் வைத்திராதவன் போல நடிக்கிறான், மேரி கவலையில்லாதவள் போல நடிக்கிறாள். அவன் மனத்தில் என்ன ஓடுகிறது என்று பாட்டு முழுக்க நமக்குத் தெரிகிறது. மேரி எதை மறைத்து நடிக்கிறாள் என்று தெரிகிறதா? ஜேனியைப் பற்றியும் வேறொருவர்தான் பார்த்துச் சொல்கிறார். சாப்மன் பாட்டில் யாரும் அவளுக்காகப் பேசவில்லை. 1988 ஜூனில் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளுக்காக வெம்பிளி அரங்கில் நடந்த நிகழ்ச்சியில், ஒரே ஒரு கிடாரோடு நின்று அவர் இதைப் பாடியதைப் பாருங்கள். 35 வருடம் கழித்து, 2023இல் அமெரிக்க கன்ட்ரி இசைச் சங்கம் இதை ஆண்டின் சிறந்த பாட்டாகத் தேர்ந்தெடுத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவர்தான்.

பழைய எக்ஸ்சேஞ்ச்

அம்மா, என் ஓட்டு பெர்ரிக்குத்தான், மாற்றமில்லை. ஆனால் இரண்டாவது பெயரை எழுதச் சொன்னால் இனி டிலனை எழுதமாட்டேன்.

சத்துவாச்சாரி வாசகன்

ஐயா, ஹேட்டி கேரலை இன்னொரு முறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.