டார்பிடோ குழாயின் விட்டம் ஏன் இன்னும் 533 மி.மீ.?

ராயபுரம் வாசகர்:
விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைச் சென்னையிலிருந்து போய்ப் பார்த்து வந்தேன். முன்புறம் 6, பின்புறம் 4 என அதில் 10 டார்பிடோ குழாய்கள், அதாவது நீருக்கடியில் பாய்ந்து சென்று தாக்கும் டார்பிடோ ஆயுதத்தைச் செலுத்தும் குழாய்கள், உள்ளன. விட்டம் 533 மி.மீ. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து வந்த கல்வரி வகைக் கப்பல்களிலும் விட்டம் அதேதான், எண்ணிக்கை மட்டும் 6. மற்ற எல்லாம் மாறியிருக்க, இந்த அளவு மட்டும் ஏன் அசையவில்லை? குழாயைப் பெரிதாக்கினால் பெரிய ஆயுதத்தைச் செலுத்தலாமே?

பெரம்பூர் பொறியாளர்:
ஐயா, பெரிதாக்கியும் பார்த்திருக்கிறார்கள். சோவியத் கடற்படை 650 மி.மீ. குழாய்களை வைத்தது, அமெரிக்காவின் சீவுல்ஃப் வகையில் 660 மி.மீ. குழாய்கள் 8 இருந்தன. ஆனால் அதற்கு அடுத்து வந்த வர்ஜீனியா வகை 533 மி.மீ. குழாய்கள் நான்கோடு நிறுத்திக்கொண்டது. 21 அங்குலம் என்ற இந்த அளவு முதல் உலகப் போருக்கு முன்பே வழக்கத்துக்கு வந்துவிட்டது. டார்பிடோ, அதைத் தாங்கும் அடுக்கு, கப்பலுக்குள் இறக்கும் வழி, கரையிலுள்ள கிடங்கு என அனைத்தும் அதற்கேற்பவே அமைந்துவிட்டன. எக்ஸோசெட், ஹார்பூன், டோமஹாக் ஏவுகணைகளின் நீர்மூழ்கி வடிவங்களும் இக்குழாய்க்குள் நுழையும்படியே உருவாக்கப்பட்டன. குழாய் பெருத்தால் ஆயுத அறையில் அடுக்கக்கூடிய எண்ணிக்கை குறையும் என்பதையும் மறக்கலாகாது.

அடையாறு நண்பர்:
மாற்றம் விட்டத்தில் இல்லை, வெளியே தள்ளும் முறையில் இருக்கிறது. அழுத்தக் காற்றை நேரடியாகக் குழாய்க்குள் செலுத்தினால், அந்தக் காற்று குமிழியாக மேலெழுந்து கப்பலின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போதோ காற்று ஒரு பிஸ்டனையோ டர்பைன் பம்பையோ இயக்க, அது தள்ளும் கடல்நீரே டார்பிடோவைப் பின்னாலிருந்து உந்துகிறது. காற்று கப்பலை விட்டு வெளியேறுவதில்லை. தன் மோட்டாரை இயக்கி டார்பிடோ தானாகவே நீந்தி வெளியேறும் முறையும் உண்டு. எனினும் இதே குழாய் வழியாக இடப்படும் கண்ணிவெடிக்குச் சுழல்விசிறி ஏது? அதைத் தள்ளித்தான் ஆக வேண்டும்.

ராயபுரம் வாசகர்:
நன்றி. குழாயின் முன்கதவும் பின்கதவும் ஒருசேரத் திறந்துகொண்டால் என்ன ஆகும்?

பெரம்பூர் பொறியாளர்:
கடல் நேரே உள்ளே வரும். 1939 ஜூன் 1 அன்று லிவர்பூல் விரிகுடாவில் பிரித்தானியாவின் தீட்டிஸ் கப்பலுக்கு அதுதான் நேர்ந்தது. குழாயில் நீர் உள்ளதா என்று காட்டும் சிறு சோதனைத் துளையைப் பெயின்ட் அடைத்திருந்ததால் நீர் கசியவில்லை. குழாய் காலி என்று நம்பிப் பின்கதவைத் திறந்தார்கள். 99 பேர் இறந்தனர். அதன் பிறகு, நீர் இருந்தால் உடனே மூடும்படி, பின்கதவைச் சிறிதளவே முதலில் திறக்கவிடும் கவ்வி ஒன்றைப் பிரித்தானியக் கப்பல்களில் பொருத்தினார்கள். இக்காலக் குழாய்களில், ஒரு கதவு திறந்திருக்கையில் மற்றது திறக்க இயலாதபடி பூட்டமைப்பே தடுத்துவிடுகிறது.