'ஃப்ரேம் ஆஃப் மைண்ட்' எபிசோடுக்குத் தமிழ் சப்டைட்டில்: நீயா, நீங்களா?

ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற விண்வெளித் தொடர், 6-ஆம் சீசன், 1993. பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

சிக்கல் இதுதான். விண்கப்பலின் துணைத் தளபதி ரைக்கர் கப்பலில் நடிக்கும் நாடகத்தில் மனநல மருத்துவராக வருவது, டேட்டா என்ற ஆண்ட்ராய்டு அதிகாரி. அதே வசனங்கள் பிறகு ரைக்கர் நோயாளியாக அடைபட்டிருக்கும் வேற்றுக்கிரக மருத்துவமனை அறையிலும் திரும்புகின்றன. எது மேடை, எது நிஜம் என்று ரைக்கருக்கே பிடிபடக்கூடாது, பார்ப்பவருக்கும்தான். ஆங்கிலத்தில் எல்லாமே 'யூ'. தமிழில் மேடையில் 'நீங்கள்' போட்டு, அறையில் 'நீ' போட்டால் குட்டு உடைந்துவிடும். இரண்டிலும் 'நீங்கள்' என்றால் மருத்துவமனைக் காவலாளியின் அதட்டல் நீர்த்துப்போகிறது. மருத்துவர் எங்கும் 'நீங்கள்', காவலாளி மட்டும் 'நீ' என்பது என் கணிப்பு. சரிவருமா?

திரும்ப வரும் வசனங்களை ஒருமுறை மொழிபெயர்த்து, அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறேன். ஒரு சொல் மாறினாலும் எதிரொலி போய்விடும். ரைக்கரின் நெற்றிப்பொட்டில் காயம் வரும் இடங்களில் வரியைச் சுருக்குகிறேன். கண் அங்கே போக வேண்டும், எழுத்துக்கு அல்ல.

இன்னொன்று: சப்டைட்டிலின் நேரக்குறி முதல் காட்சியில் பொருந்துகிறது, போகப்போக விலகி, 45 நிமிட முடிவில் சுமார் 110 விநாடி தள்ளிப்போகிறது. சப்டைட்டில் கோப்பு விநாடிக்கு 23.976 பிரேம், வீடியோ 25 பிரேம் என்பதால்தான். மொத்தமாக நகர்த்தினால் தீராது. எல்லா நேரங்களையும் 0.959-ஆல் பெருக்க வேண்டும். இதைத் தமிழ் எழுத்துரு சிதையாமல் செய்யும் மென்பொருள் எது? தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்தும் என் கருவி கொம்பையும் காலையும் பிரித்துக் காட்டுகிறது.